ஈசாயின் எட்டாம் மகன்



பெயர் பெற்றவர் பாடினால் கூட்டம் திரளும். பெயரற்றவர் பாடினால் வெற்று நாற்காலிகளே செவிமடுக்கும். இஃது உலக வழக்கம். ஆனால், இதுவரை எவரும் கேள்விப்படாத இளைஞரின் இசையைக் கேட்பதற்கென்றே மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு, கடுங்குளிரில் வரிசையில் நிற்கும் சிறு நகரம் ஒன்று உண்டு. அதைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம்.

வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து நாட்டின் மக்கள்தொகை நான்கு இலட்சத்தையும் எட்டவில்லை. அதன் தலைநகராம் ரெய்க்யவிக்கில் வாழ்வோர் ஏறத்தாழ 1,40,000 பேரே. 1984-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1193-இல் மறைந்த ஆயர் புனித தோர்லாக் என்பவரை அந்நாட்டின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரின் திருநாளுக்கென இடைக்காலத்தில் இயற்றப்பெற்ற இலத்தீன் வழிபாட்டுப் பண்கள் பழஞ்சுவடியில் இன்றும் காக்கப்படுகின்றன. இசை அம்மண்ணுக்குப் புதியதன்று.

அந்நகரில் 1999-ஆம் ஆண்டு, விமான நிலையத்தில் விமானங்களை நிறுத்தும் கொட்டகை ஒன்றில் இசை விழா நடைபெற்றது. ‘ஐஸ்லாந்து ஏர்வேவ்ஸ்’ என்பது அதன் பெயர். கொரோனாக் கொள்ளைநோயால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மக்கள் நேரில் கூடிக் கேட்க இயலாது போயிற்று. பின்னர் 2022-இல் விழா மீண்டும் உயிர்பெற்றது. இக்காலத்தில் நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில், பகற்பொழுது சுருங்கிக் குளிர் மிகும் வேளையில் அது நிகழ்கின்றது.

அவ்விழாவின் அமைப்பு கருதத்தக்கது. ஒரே பெரிய மேடை இட்டு எல்லாரையும் அதன்முன் அமர்த்துவதில்லை. பழைய நாடகக் கொட்டகை, துறைமுகக் கிடங்காக இருந்து கலைக்கூடமாக மாறிய கட்டடம் எனப் பல இடங்களில் ஒரே மாலையில் பல குழுக்கள் இசைக்கின்றன. பல ஆண்டுகள் புத்தகக் கடைகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் கட்டணமின்றியே இசை ஒலித்தது. சீட்டு வாங்கியவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, ஓரிடம் விட்டு மற்றோரிடம் நடந்தே செல்வர். பிரபலக் குழுவைத் தேடி வந்தவர், வழியில் கேட்ட புதுக்குரலால் ஈர்க்கப்பட்டு அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. முன்பின் அறியாதவரையும் ஒருமுறை செவிமடுப்போம் என்னும் மனநிலையே இவ்விழாவின் உயிர்நாடி.

ஏரிக்கரையில் உள்ள லூத்தரன் ஆலயம் ஒன்றிலும் இவ்விழாவின் நிகழ்ச்சிகள் நடைபெற்றுள்ளன. நமது திருச்சபையின் நெறி வேறு. ஆலயங்களில் நிகழும் இசை அரங்குகள் குறித்து உரோமை 1987-இல் விடுத்த மடலின்படி, இறைவனின் இல்லத்தில் ஒலிக்கத் தக்கது சமயஞ்சார்ந்த இசையே. எனவே நாம் பின்பற்ற வேண்டியது அவர்கள் இடத்தை அன்று, அவர்கள் செவியை.

இனி ஒரு குழுவின் வரலாற்றைக் கேளுங்கள். ‘இசைச் சோதனைகள்’ எனப் பொருள்படும் பெயருடன் 1982 முதல் ஐஸ்லாந்தில் இளம் குழுக்களுக்கான போட்டி ஒன்று நடைபெற்று வருகின்றது. கார்துர் என்னும் சிறு மீனவ ஊரில் வளர்ந்த நன்னா என்னும் பெண், தோழர்களைச் சேர்த்துக்கொண்டு அமைத்த ‘ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென்’ என்ற குழு, 2010-இல் அப்போட்டியில் வென்றது. அவ்வாண்டின் ஏர்வேவ்ஸ் விழாவுக்கு வந்திருந்த அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகர வானொலி நிலையத்தார், இக்குழுவின் பாடல் ஒன்றை ஒரு வீட்டின் முன்னறையிலேயே பதிவு செய்தனர். ஒளிவிளக்கும் இல்லை, பெருமேடையும் இல்லை. அப்பதிவு கடல் கடந்தது. 2012-இல் உலகெங்கும் வெளியான அவர்களது முதல் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்தை எட்டிற்று.

இத்துணைச் சிறிய நாட்டில் இஃது எங்ஙனம் இயன்றது? அங்கு உள்ளாட்சி மன்றங்களின் நிதியுதவியோடு இசைப்பள்ளிகள் நடைபெறுகின்றன. பாடற்குழுவில் சேர்ந்து பாடுவது பொதுமக்களின் பழக்கம். இவற்றிற்கெல்லாம் மேலாக, கற்றதை அரங்கேற்ற ஓர் இடமும், கேட்க ஒரு கூட்டமும் உண்டு. விழாவில் பாடும் எல்லாக் குழுக்களும் புகழ் பெறுவதில்லை. பல குழுக்கள் சில ஆண்டுகளில் கலைந்துபோகின்றன. அதனால் அவர்கள் பாடியது வீணாகிவிடுமா? மனம் ஒன்றிக் கேட்ட ஒருவர் முன் பாடிய இளைஞன், தான் மதிக்கப்பட்டவன் என்னும் நினைவை வாழ்நாள் முழுதும் சுமந்து செல்வான்.

விவிலியம் இதனை நமக்கு முன்னரே கற்பித்துள்ளது. சாமுவேல் இறைவாக்கினர் பெத்லகேமுக்கு வந்தபோது, ஈசாய் தம் மைந்தர் எழுவரை அவர்முன் நிறுத்தினார். எட்டாமவனை அழைக்க வேண்டும் என்று தந்தைக்கே தோன்றவில்லை. அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். உயரத்தையும் தோற்றத்தையும் கொண்டு அளக்கலாகாது என்று ஆண்டவர் உணர்த்தியதால், இன்னும் ஒருவன் உளனோ என்று சாமுவேல் வினவினார். அந்த வினா எழாதிருந்தால் தாவீது வயலிலேயே இருந்திருப்பான். அதே அதிகாரத்தின் இறுதியில், மன்னன் சவுலின் கலங்கிய உள்ளத்தை ஆற்றுவதற்குத் தேவைப்பட்டதும் அந்த எட்டாம் மகனின் யாழிசையே அன்றோ?

நம் பங்குகளில் இவ்வினாவை யார் எழுப்புகிறோம்? திருவிழா வந்தால் நகரத்து மெல்லிசைக் குழுவுக்குப் பெருந்தொகை கொடுக்கிறோம். நம் வீதிப் பிள்ளைகள் கிதாரையும் தபேலாவையும் எடுத்துக்கொண்டு வந்தால், “நேரமில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்கிறோம். அடுத்த ஆண்டு அவர்கள் வருவதில்லை. ஆலய முற்றத்திலும் அவர்களைக் காண்பது அரிதாகிவிடுகிறது. பின்னர், இளைஞர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம்.

“படிப்புக் கெட்டுவிடுமே, சுவாமி” என்று தாய்மார் அஞ்சுவது எனக்குத் தெரியாததன்று. தாவீது ஆடுகளை மறந்துவிட்டு யாழ் மீட்டவன் அல்லன். கடமையும் கலையும் ஒரே கையில் இருக்கக்கூடும் என்பதற்கு அவனே சான்று. மேலும், எதைப் பாடினாலும் கைதட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. சுருதி விலகினால் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். பாட்டின் பொருள் தகாததாயின் தயங்காமல் திருத்துங்கள். ஆனால், முதலில் முழுவதும் கேளுங்கள். கேளாமல் திருத்துபவரின் சொல்லை எந்தப் பிள்ளையும் ஏற்பதில்லை.

வருகின்ற திருவிழாவில் ஒரு மாலை, ஒரு மணி நேரத்தைப் பங்கு மன்றத்தில் நம் பிள்ளைகளுக்கென ஒதுக்குவோம். கட்டணம் வேண்டா, பரிசும் வேண்டா. பெற்றோர் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போகாமல் முன்வரிசையில் அமரட்டும். அன்று வீடு திரும்பியதும், இதுவரை பாடாத பிள்ளை ஒன்று உங்கள் இல்லத்திலும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இறைவன் தேடிவந்தது அந்தப் பிள்ளையையே ஆகலாம்.