அகஸ்டஸ் எழுதியதும் நாம் எழுத வேண்டியதும்

உரோமப் பேரரசர் அகஸ்டஸைப் பற்றித் தேவாரத்து மாணவன் எழுத என்ன இருக்கிறது எனத் தோழர்கள் கேட்கலாம். நிரம்ப இருக்கிறது என்பதே என் கருத்து.

கி.மு. 63இல் பிறந்த ஆக்டேவியன், ஜூலியஸ் சீசரின் தத்துப்பிள்ளை. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் வென்று, மறு ஆண்டே எகிப்தைக் கைக்கொண்டார். கி.மு. 27இல் 'அகஸ்டஸ்' என்னும் பட்டம் பெற்றார். குடியரசை மீட்டதாகச் சொல்லிக்கொண்டே முடியரசை நிறுவி, கி.பி. 14இல் மறையும்வரை ஆண்டார்.

எகிப்து வசமானதும் செங்கடல் வழி உரோமருக்குத் திறந்தது. முன்பு இருபது கப்பல்கள்கூடத் துணியாத அவ்வழியே, ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியா நோக்கிப் புறப்பட்டதாக அக்காலத்து ஸ்டிராபோ எழுதுகிறார். தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்த யவனர், முசிறியில் பொன்னும் வெள்ளியும் கொடுத்து மிளகு கொண்டனர். அம்மிளகு விளைந்தது மேற்குமலைத் தொடரில். நம் ஏலமலையும் அத்தொடரைச் சேர்ந்ததே. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்துக் கோயிலொன்றில், இந்தியச் சாடியில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு அகழ்வாய்வில் கிடைத்துள்ளது. அகஸ்டஸின் முகம் பொறித்த வெள்ளிக் காசுகளோ தமிழகத்து மண்ணில் கிடைக்கின்றன.

அகஸ்டஸ் தம் சாதனைகளைத் தாமே எழுதினார். அவர் மறைந்தபின் அவை கல்லறைமுன் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டன. இந்திய மன்னர்கள் தமக்குத் தூதனுப்பிய பெருமையும் அதில் உண்டு. ஆனால் கி.மு. 43இல் அவரும் கூட்டாளிகளும் எதிரிகளைப் பட்டியலிட்டுக் கொல்வித்ததும், நாவலர் சிசரோ அதில் மாண்டதும் அதில் இல்லை. ஆள்வோர் தம்மைப் பற்றி எழுதுவது பாதி வரலாறே. மிளகுக் கொடியில் ஏறிப் பறித்தவர், மூட்டை சுமந்து மலையிறங்கியவர் பெயர் எந்த வெண்கலத்திலும் இல்லை. அவர் முகம் எந்தக் காசிலும் இல்லை.

இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றும் அந்நிலை மாறிற்றா? இன்றும் கருக்கலில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியும் கம்பம்மெட்டு வழியும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர் நம் தாய்மார். போடியில் காய் ஏலம் போகும் விலை மறுநாள் நாளிதழில் வருகிறது. காய் எடுத்த கையைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை.

அவர்களுக்கு எழுத நேரமில்லை. நமக்கு இருக்கிறது. மலைக்குச் சென்ற தலைமுறையில் பலர் வீட்டுத் திண்ணையில் இன்றும் இருக்கின்றனர். என்ன கூலி வாங்கினார்கள், எந்தப் பாதையில் நடந்தார்கள், மழைக்காலத்தில் எங்கே தங்கினார்கள் என்பதை ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொணரலாம். நம் வரலாற்றுத் துறை அதைத் தொகுத்து நூலகத்தில் வைக்கலாம். செலவு அதிகமில்லை, மனம் வேண்டும்.

அகஸ்டஸ் தம் கதையை எழுதிவிட்டார். நம்மவர் கதையை யார் எழுதுவது? நாம்தான் எழுத வேண்டும்.