தேவனுடைய பெயர் வந்துவிட்டால் போதுமா?



"ஐயா, இவர்கள் ஆலயத்திற்குப் போகிறவர்கள், இவர்களுடைய பாட்டைக் கேட்கலாம் அல்லவா?" என்று எழுதி, வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் ஸ்காட்லாந்தின் பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவினுடைய பாடல் தொகுப்புகளை எனக்கு அனுப்பியிருந்தார். கேட்டேன். பாடல்களைவிட அவருடைய கேள்வியே என்னை அதிகமாய்க் கலங்கப்பண்ணிற்று.

அவர் சொன்ன செய்தியில் பிழையில்லை. பாடல்களை எழுதும் ஸ்டூவர்ட் முர்டாக், தீராச் சோர்வு நோயினால் ஏறத்தாழ ஏழாண்டுகள் முடங்கிக் கிடந்தவர். பின்பு கிளாஸ்கோவில் ஓர் ஆலயத்தின் பராமரிப்புப் பணியாளராயிருந்து, அதன் மண்டபத்திற்கு மேலேயே 2003 வரை குடியிருந்தார். ஆனால் பாடுகிறவன் எங்கே குடியிருக்கிறான் என்பதைக்கொண்டா பாட்டை நிதானிப்பது?

1996-இல் வெளிவந்த 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்' தொகுப்பே இவர்களுடைய மேன்மையான வேலை. அதன் தலைப்புப் பாடலில், வாழ்வு சலித்துப்போன பெண்ணொருத்தி விளக்கம் தேடி ஆலயத்திற்குப் போகிறாள். குருவானவரோ அவளைத் தனியே அழைத்து, திடப்படுத்தல் கொடுத்து அனுப்பிவிடுகிறார். கேள்வியோடு வந்தவளுக்குச் சடங்கு! முப்பது முறை பிரசங்கம் கேட்டாலும் உறைக்காதது அந்த ஒரு வரியில் எனக்கு உறைத்தது. இதை உலகப் பாட்டென்று தள்ளுகிறவர்கள், இஸ்ரவேலின் மேய்ப்பர்களுக்கு விரோதமாக எசேக்கியேல் உரைத்ததை எங்கே வைப்பார்கள்?

2003-இல் வந்த 'டியர் கேட்டஸ்ட்ராஃபி வெய்ட்ரஸ்' தொகுப்பில் ஜெபம் வெளிப்படையாகவே வருகிறது. காதலில் அகப்பட்டவன் மேலே இருக்கிறவருக்கு நன்றி செலுத்தவேண்டுமாம். துணை தேடுகிறவன் சத்தமிட்டு மன்றாடவேண்டுமாம். சர்வவல்லவர் இங்கே கலியாணத் தரகராகிவிட்டார். டிரெவர் ஹார்னின் தயாரிப்பில் இசை பளபளக்கிறது, பாரமோ போய்விட்டது. நம்மில் பலர் சாட்சிப் பாடலென்று தெரிந்தெடுப்பது இதைத்தான். கர்த்தருடைய பெயரைத் தேடும் காது, அவருக்கு முன்பாக உடைந்துபோன மனுஷியைக் கேட்கிறதில்லை.

ஆயினும் முந்தின தொகுப்பின்மேலும் எனக்குக் குறை உண்டு. அதில் துயரம் எப்போதும் பிறருடையது. தூரத்தில் நின்று, மெல்லிய கேலியோடு சொல்லப்படுகிறது. 88-ஆம் சங்கீதமும் இருளிலேயே முடிகிறது. ஆனால் அங்கே புலம்புகிறவன் தேவனை நோக்கியே புலம்புகிறான். இங்கோ அந்தப் பெண்ணைப் பற்றிப் பாடுகிறார்கள்; அவள் வாய்திறந்து தேவனிடத்தில் ஒரு வார்த்தை பேச இடங்கொடுக்கவில்லை. ராகம் அவ்வளவு இனிமை, அவள் அழிவுக்குப் போவதைக் கேட்டுக்கொண்டே தலையசைக்கத் தோன்றுகிறது. நானும் அசைத்தேன்.

தம்பிக்கு, "தாராளமாய்க் கேளுங்கள்" என்று பதில் எழுதினேன். கூடவே, சில மாதங்கள் நம் வாலிபர் கூட்டத்திற்கு வந்து, பின்பு வராமற்போனவர்களின் பெயர்களை எனக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.