கிளை திறந்தால் வளர்ச்சியா?

மாணவர்களே!

"சிறிய சேவை வியாபாரமொன்று வளர்ச்சியடைந்துள்ளதை எவ்வாறு அறியலாம்?" என வினவினால், உங்களிற் பலர் வருமானம், இலாபம், கிளைகளின் எண்ணிக்கை என விடை எழுதுவீர்கள். இவை தவறானவையல்ல. ஆயினும் இவற்றுக்கு முன்னர் நோக்க வேண்டியது அங்கு வேலை செய்வோரின் நிலையே என்பது எமது கருத்தாகும்.

மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையொன்றை எடுத்துக்கொள்வோம். பலசரக்குக் கடையில் இன்று விற்காத சீனியை நாளை விற்கலாம். திருத்துநரின் இன்றைய உழைப்பை இறாக்கையில் அடுக்கி வைக்க முடியாது. வாடிக்கையாளர் நாடி வருவதும் கட்டடத்தையல்ல, நம்பிக்கையான கையையே. அந்தக் கை விலகினால் வாடிக்கையாளரும் விலகுவர்.

இருந்தும் உரிமையாளர் சிலர், "எங்களுடையது சிறிய கடை, ஈ.பி.எப். பெரிய கம்பனிகளுக்குத்தான்" என்கின்றனர். இது பிழையாகும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், ஓர் ஊழியர் மட்டுமே உள்ள கடைக்கும் பொருந்தும். ஊழியரின் பங்களிப்பு 8%, தொழில்தருநரின் பங்களிப்பு 12% ஆகும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3% செலுத்த வேண்டும். சம்பளம் 40,000 ரூபா எனின், உரிமையாளரின் மேலதிகச் செலவு 4,800 + 1,200 = 6,000 ரூபாவாகும்.

வேலை குறைந்த மாதத்தில் இத்தொகை பாரமானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கடை வாடகையைப் போலவே இதுவும் ஒரு செலவு. திருத்தக் கூலியை நிர்ணயிக்கும்போதே இதனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செலுத்த இயலாத கடை இரண்டாவது கிளை திறப்பது, அத்திவாரம் காயுமுன் மேல்மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

பணம் மட்டும் போதுமா? போதாது. உரிமையாளர் ஒருநாள் வெளியூர் சென்றால் கடை பூட்டப்படுமாயின், அது இன்னும் ஒருவரின் தனி உழைப்பே. கூலியைக் கூறவும் உதிரிப்பாகம் வாங்கவும் ஓர் எல்லைவரை ஊழியருக்கு அதிகாரம் வழங்கப்பட வேண்டும். அதிகாரம் கொடாமல் பொறுப்பை மட்டும் சுமத்துவது முகாமைத்துவம் ஆகாது. உரிமையாளர் இல்லாத நாளிலும் வேலை தரம் குறையாமல் நடக்கும் கடையே கிளை திறக்கத் தகுதியுடையது.

பரீட்சையில் வளர்ச்சி பற்றி எழுதும்போது மனித வளத்தை இறுதி வரியில் ஒதுக்கிவிடாதீர்கள். பரீட்சை முடிந்ததும் உங்களிற் சிலர் வேலைக்குச் செல்லக்கூடும். அப்போது சம்பளத்தை மட்டும் கேட்டு நின்றுவிடாது, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும் கேளுங்கள். அது சலுகையல்ல, உங்கள் உரிமை. நாளை நீங்களே தொழில்தருநரானால், ஊழியர் கேட்குமுன் கொடுங்கள்.