பூட்டிய கணக்கும் உப்புக் கிணறும்

மீஞ்சூர்ப் பக்கத்துப் பழைய கிணற்று நீரை ஒருமுறை வாயில் விட்டுப் பார்த்தவருக்கு உவர்ப்பு இன்னதென்று எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் மணலுக்கடியில் சேர்த்து வைத்த நன்னீரை, 1960களின் இறுதியிலிருந்து சென்னை மாநகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்குமாக ஓயாமல் இறைத்தார்கள். நன்னீர் வெளியேறிய இடத்தில் கடல் குடியேறியது. 1969இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்பு, 1983இல் 7 கிலோமீட்டரையும் 1987இல் 9 கிலோமீட்டரையும் எட்டிவிட்டதாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பின்னர் 2010இல், அதே மீஞ்சூரின் பெயரைச் சூடிக்கொண்டு, காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்தது. கிணற்றைக் கெடுத்த கடலையே காசு கொடுத்து வடிகட்டிக் குடிக்கும் நிலை வந்து சேர்ந்தது.

கிணறு கிணறாகச் சென்று நீர்மட்டத்தையும் உப்பையும் அளப்பது பாதி வேலைதான். இன்னும் பத்தாண்டில் உப்பு எங்கே நிற்கும், எந்தக் கிணற்றில் இறைப்பதை நிறுத்தினால் அது பின்வாங்கும் என்று கூற மழை, மண், இறைப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணிப்பொறியில் கணக்கிட வேண்டும். விடையை ஊரார் கண்டு விளங்கிக்கொள்ளும் படமாக வரைய வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் மென்பொருள் எவருடையது? அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று நாம் திறந்து பார்க்க முடியுமா? இதுவே என் கேள்வி.

சென்ற ஆண்டு என் தங்கை மகன் இதே நிலத்தடி நீரைப் பற்றித் தன் பொறியியல் ஆய்வேட்டை எழுதினான். கல்லூரியின் பெயர் வேண்டாம். அவனுடைய மடிக்கணினியில் இருந்தது இலட்சக்கணக்கில் விலைபெறும் ஒரு மென்பொருளின் திருட்டுப் படி. “எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் மாமா, சாரே கொடுத்தார்” என்றான், சிறிதும் கூச்சமின்றி. கடையிலிருந்து கேட்காமல் தூக்கி வந்த அரிசியில் அவன் உம்மா உலை வைப்பாரா? அரிசிக்கு உள்ள நியாயம் அறிவுக்கு இல்லையா?

திருட்டைக் காட்டிலும் என்னை வருத்தியது வேறொன்று. “இந்த எண் எப்படி வந்தது?” என்று கேட்டேன். “மென்பொருள் சொன்னது” என்றான். பூட்டிய பெட்டிக்குள் எண்களைப் போட்டுப் பூட்டிய பெட்டியிலிருந்து விடையை எடுப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

பூட்டில்லாத வழி இல்லாமற் போயிருந்தால் அவனை மன்னிக்கலாம். அமெரிக்க அரசின் நிலவியல் அளவைத் துறை 1984இல் வெளியிட்ட மாட்ஃப்ளோ என்னும் நிலத்தடி நீர்க் கணிப்பு மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் எவரும் படிக்கலாம். அந்த வழியில் வந்த சீவாட், உவர்நீரின் அடர்த்தியையும் கணக்கில் கொள்வது. மீஞ்சூருக்கென்றே செய்தது போன்றது. இவற்றைப் பைத்தான் மொழியில் இயக்கவும் விடைகளை வரையவும் ஃப்ளோபை இருக்கிறது. எல்லாம் விலையின்றி, முறையாக.

“விலையில்லாதது தரமில்லாதது” என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. 2019இல் உலகமே வியந்து பார்த்த கருந்துளைப் படம் உருவாகியதில் நம்பை, மேட்பிளாட்லிப் முதலிய கட்டற்ற கருவிகளுக்குப் பங்கு உண்டு. மேட்பிளாட்லிப் பிறந்த கதையைக் கேளுங்கள். ஜான் ஹன்டர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்து வந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த விலை மென்பொருளுக்கு ஒரே உரிமம். கணிப்பொறியில் செருகினால் மட்டுமே இயங்கவிடும் ஒரே சாவி. மாணவரும் மருத்துவரும் ஆய்வாளரும் அந்தச் சாவிக்காக முறைவைத்துக் காத்திருந்தனர். ஹன்டர் படிகளைத் திருடவில்லை. தாமே கருவி செய்தார், ஊருக்கும் கொடுத்தார். 2012இல் அவர் மறைந்துவிட்டார். கருவி வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்யும் வேலை என்பீர்களா? அறிவியல் தரவுகளை முப்பரிமாணத்தில் காட்டும் புகழ்பெற்ற கட்டற்ற கருவியின் பெயர் மாயாவி. (இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) அதைப் படைத்த பிரபு இராமச்சந்திரன் சென்னை ஐஐடியில் வானூர்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவைத் தொடங்கியவர், பின்னர் மும்பை ஐஐடியில் ஆசிரியரானவர். மீஞ்சூரிலிருந்து புறநகர் இரயிலேறினால் எட்டிவிடும் தூரத்தில் படித்த ஒருவர் செய்த கருவியை உலகம் பயன்படுத்துகிறது. நம் பிள்ளைகளோ திருட்டுப் படியைப் பென்டிரைவில் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

மேடைகளில் அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதில் மட்டும் நாம் குறை வைப்பதில்லை. அல்காரிதம் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒருவரின் உழைப்பைக் காட்டி இன்னும் எத்தனை காலம் கடன் வாங்குவது? அவர் கணக்கை எழுதி வைத்தார். அதனால்தான் மற்றவர் படித்தனர், திருத்தினர், மேலே கட்டினர். பூட்டி வைத்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா?

பெற்றோரின் கேள்வி எனக்குத் தெரியும்: “கூலியில்லா வேலைக்கு என் மகன் ஏன் மெனக்கெட வேண்டும்?” நியாயமான கேள்வி, துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிள்ளையைப் படிக்க வைத்தவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. நம்பை போன்ற கருவியே நெடுங்காலம் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில்தான் வளர்ந்தது. 2017இல்தான் அதற்கென முதல் நிதி வந்தது. இந்த அநீதியை நான் மூடி மறைக்கவில்லை. ஆயினும் மும்பை ஐஐடியின் ஃபாசி திட்டத்தில், பாடநூல்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளைக் கட்டற்ற மென்பொருளில் எழுதிக் கொடுத்த மாணவர்க்கு மதிப்பூதியம் அளித்தார்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் உள்ளன. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கருவி திறந்திருந்தால் கணக்குத் தானாகச் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. தவறான அளவைக் கொடுத்தால் திறந்த கருவியும் தவறாகவே சொல்லும். ஆனால் “உன் கிணறு கெடாது” என்று அதிகாரியோ ஆலைக்காரரோ ஒரு படத்தைக் காட்டும்போது, “அந்தக் கணக்கைக் கொடுங்கள், நாங்களும் போட்டுப் பார்க்கிறோம்” என்று கேட்கப் பொன்னேரி வட்டத்தில் பத்துப் பிள்ளைகளாவது இருக்க வேண்டாமா? கோடை விடுமுறையில் ஜமாஅத் மண்டபங்கள் பகலெல்லாம் காலியாகத்தான் கிடக்கின்றன. நான்கு பழைய கணிப்பொறிகள், இணைய இணைப்பு, கற்றுக்கொடுக்க ஒரு கல்லூரி மாணவன். ஒரு திருமணப் பந்தலின் விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.

தங்கை மகன் இப்போது ஃப்ளோபையில் அதே கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். பழைய விடையும் புதிய விடையும் ஒத்துவரவில்லை. ஏன் என்று தேடி வரிவரியாகப் படிக்கிறான்.