தீயில் இறங்கித்தான் உள்ளே வரவேண்டுமா?

ஜெனீவாவுக்கு அருகே உள்ள சேர்ன் ஆய்வு மைய வளாகத்தில் 2 மீட்டர் உயர நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. 2004இல் இந்திய அணுசக்தித் துறை கொடுத்த பரிசு அது. துகள்களின் இயக்கத்தையும் சிவனின் ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பூரிப்பவர்கள் பூரிக்கட்டும். நமக்கு அந்தச் சிலையைப் பார்த்தால் நந்தன்தான் நினைவுக்கு வருகிறார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே 'திருநாளைப்போவார்' ஆனவர். கடைசியில் தீயில் இறங்கி வந்தால்தான் உள்ளே இடம் என்றார்கள்.

இந்தியாவின் அடையாளமாக எது போகவேண்டும் என்பதை இயற்பியல் முடிவு செய்யவில்லை. அரசுக்கும் அறிவியல் நிறுவனத்துக்கும் உள்ள உறவு முடிவு செய்தது. பெரிய சர்வதேச அமைப்புகளில் இந்த உறவைக் கவனிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது. உறுப்பு நாட்டுப் பேராளர்களுக்குக் குறிப்பு தயாரிப்பது, தீர்மான வரைவில் எந்தச் சொல் இருக்கலாம், எது கூடாது என்று அலசுவது எல்லாம் அங்கே நடக்கும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் முதல் படிதான் கொள்கை, அரசு உறவுப் பிரிவுகளில் கிடைக்கும் இன்டர்ன்ஷிப்.

ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கிறீர்களா? 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டை நினைத்துப் பாருங்கள். சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு முரண்டு பிடித்தது. இறுதிப் பிரகடனத்தில் 'சாதி' என்ற சொல்லே இல்லை. நம் தோழர்கள் அங்கே போய்க் குரல் கொடுத்தார்கள். ஆனால் வரைவு எழுதும் மேசை நம்மிடம் இல்லை. அடுத்த ஆண்டே, 2002இல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு பிறப்பு அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதி வைத்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் வாதாடுகிறோம்.

சரி, அந்த மேசையில் பழக யாருக்கு வாய்ப்பு? ஐ.நா. தலைமைச் செயலக இன்டர்ன்களுக்குச் சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், விசா, காப்பீடு, வாடகை எல்லாம் சொந்தச் செலவு. 2015இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஜெனீவாவில் கூடாரம் போட்டுத் தங்கி ஐ.நா. இன்டர்ன்ஷிப் செய்தது உலகச் செய்தியானது. பிரச்சினையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே அப்படிச் செய்ததாக அவரே பின்னர் சொன்னார். வெள்ளைக்காரப் பையன் கூடாரம் போட்டால் செய்தி. நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் விண்ணப்பமே போடாமல் விட்டால் அது யாருக்குச் செய்தி?

இடஒதுக்கீடு தகுதியைக் கெடுக்கிறது என்பவர்களிடம் கேட்போம்: அப்பா பணம் அனுப்பினால்தான் ஆறு மாதம் ஜெனீவாவில் இருக்க முடியும் என்றால் அதற்கு என்ன பெயர்? அதுவும் இடஒதுக்கீடுதான். அரசாணை இல்லாத, பட்டியல் ஒட்டாத, நூறு சதவீத இடஒதுக்கீடு.

மாற்ற முடியாத விதி இல்லை இது. இன்டர்ன்களே குரல் எழுப்பியபின் 2018இல் உலக சுகாதார சபை தீர்மானம் போட்டது. 2020 முதல் உலக சுகாதார நிறுவனம் உதவித்தொகை தருகிறது. சேர்ன் தன் மாணவர் திட்டங்கள் பலவற்றில் மாதப்படி கொடுக்கிறது. கொடுக்க மனம் இருந்தால் வழியும் இருக்கிறது.

ஆனால் பணத்தோடு முடிந்துவிடுமா? இந்த அமைப்புகள் பன்மைத்தன்மை என்று பேசும்போது பாஸ்போர்ட்டை எண்ணுகின்றன, ஆண் பெண் கணக்குப் பார்க்கின்றன. 'இந்தியா' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தால் கணக்கு முடிந்தது. அந்த இந்தியர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நாடு உள்ளே போய்விடுகிறது, சேரி வாசலில் நிற்கிறது. 2017 முதல் இந்தியா சேர்னில் இணை உறுப்பு நாடு. அதற்கான கட்டணம் போவது வரிப்பணத்திலிருந்து. சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டும் நம் பணமும் அதில் இருக்கிறது.

நம் அரசும் யோக்கியம் இல்லை. பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும்தான். இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு ரூபாய் கிடையாது.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்பை ஒழி. வெளிநாட்டு உதவித்தொகையில் இன்டர்ன்ஷிப்பையும் சேர். இந்தியாவிலிருந்து எடுக்கும் இன்டர்ன்களின் சமூகப் பின்னணியைக் கேட்டுக் கணக்கு வெளியிடு.

நம்மிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. இதெல்லாம் நமக்கெதற்கு, நம் இடம் தெருதான் என்று சொல்லும் மூத்த தோழர்களுக்கு: 1930இல் அண்ணலும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசைக்கு ஏன் போனார்கள்? தெருவில் நடந்த போராட்டத்தைச் சட்டமாக எழுத வைக்கத்தான். தெருவும் வேண்டும், மேசையும் வேண்டும்.

தம்பி, தங்கைகளே, உதவித்தொகை தரும் இடங்களுக்கு இந்த ஆண்டே விண்ணப்பம் போடுங்கள். முன்னே போனவர்கள் தங்கள் விண்ணப்பக் கடிதங்களைப் பின்னே வருபவர்களுக்குக் கொடுங்கள். நாளைப் போவோம் என்று இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டாம். தீக்குழியை மூடச் சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போவோம்.

ஜெய்பீம்!