எக்கோ கேட்டா குத்தமாய்யா?

ரொம்ப நாளா உள்ள அடக்கி வச்சிருந்த கடுப்பு மக்களே. இன்னைக்கு இறக்கி வச்சிடுறேன். ஒலிப்பதிவு பத்தித் தெரியாதவங்களும் படிக்கலாம், ஒண்ணும் கடிச்சிடாது :-)

எங்க தெருவுல ஒரு பெரியவர். எழுபது தாண்டியாச்சு. மார்கழி பஜனைன்னா கடையத்துல எங்க தெருவுக்கு அவர் குரல்தான் அலாரம். அவர் பாட்டைப் பதிஞ்சு வைக்கணும்னு அவர் பேரன் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான் (எதுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்). ஹெட்போனை மாட்டி விட்டுட்டாங்க. நாலு வரி பாடினவர் நிறுத்திட்டு, "கொஞ்சம் எக்கோ வச்சுத் தாங்கய்யா"ன்னு கேட்டிருக்கார். உள்ள இருந்தவர் சொன்ன பதில்: "நெஜமாப் பாடத் தெரிஞ்சவனுக்கு எக்கோ தேவையில்ல."

பெரியவர் எந்திரிச்சு வந்துட்டார். என்கிட்ட சொன்னது இதுதான்: "எய்யா, காதுல பஞ்ச அடைச்சிட்டுப் பாடுத மாதிரில்லா இருக்கு. என் குரலு செத்துப் போச்சு போல." அதுக்கப்புறம் ஒரு வாரம் பஜனைக்கே போகலை. என் கோபம் இங்கதான். ஒரு குமிழைத் திருப்பியிருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம், ஒரு மனுஷனுக்குத் தன் குரல் மேலேயே சந்தேகம் வர வச்சிடுச்சு.

இந்த 'ட்ரையாத்தான் பாடணும்' கோஷ்டியை ஒண்ணு கேக்குறேன். மனுஷன் என்னைக்கய்யா ட்ரையாப் பாடியிருக்கான்? கோயில்ல பாடினா கல்மண்டபம் திருப்பிப் பாடும். கிணத்துக்குள்ள இறங்கிப் பாடினா கிணறு பாடும். குளியலறையில நாமெல்லாம் எஸ்பிபி ஆகுறது எப்படி? சுவர் கூடப் பாடுறதாலதான். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு மைக்குல எக்கோ இல்லைன்னா, ஊர்க்காரங்களே மைக்செட்காரரைத் தேடிப் போயிடுவாங்க. ஹெட்போனை மாட்டுன அந்த நிமிஷமே பாடுறவன்கிட்ட இருந்து அறையைப் பிடுங்கிட்டீங்க. பிடுங்குனதுல கொஞ்சத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா அது பித்தலாட்டமா?

உலகமே இப்படித்தான் பண்ணுது. 1947ல சிகாகோவுல பில் புட்னம் ஒரு குளியலறையை எக்கோ அறையாக்கிப் பதிவு பண்ணினார். 1957ல வந்த இஎம்டி 140ங்கற தகட்டு ரிவெர்ப் கிட்டத்தட்ட 270 கிலோ எடை. அத்தனை பாரத்தைத் தூக்கி வச்சாவது குரலுக்கு ஒரு இடம் குடுக்கணும்னு நெனச்சிருக்காங்க. இன்னைக்கு அதே வேலையை லேப்டாப்ல ஒரு பொத்தான் பண்ணிடுது. அதை அமுக்க நமக்குக் கௌரவம் தடுக்குது!

எதிர்க்கட்சிக்கும் நியாயமா இருப்போம். எக்கோ அதிகமானா சுருதிப் பிசகு தெரியாது, தாளம் நழுவும், அது உண்மை. அளவா வைங்கன்னுதான் நானும் சொல்றேன். சுருதியைத் தானாத் திருத்துற ஆட்டோட்யூனை ஹெட்போன்ல குடுக்குறதை நானும் எதிர்க்கிறேன். அது பாடுறவனோட தப்பை அவன்கிட்டயே மறைக்குது. ரிவெர்ப் அப்படி இல்லை. நீங்க தப்பாப் பாடுனா தப்பாவே எதிரொலிக்கும்.

பாடுறவரைக் கெடுக்குற நெஜமான வில்லன் வேற ஆளு, தாமதம். பாடுறவனுக்குத் தன் குரல் எலும்பு வழியா உடனே கேட்டுடும். கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டு வர்ற குரல் லேட்டா வந்து அதோட மோதும். 48000 சாம்பிள் ரேட்டுல பஃபர் 1024 இருந்தா, போக 21 வர 21, மொத்தம் 42 மில்லி செகண்டுக்கு மேல. ஒலி அதுக்குள்ள 14 மீட்டர் போயிடும். அதாவது நீங்க இங்க பாட, உங்க குரல் எதிர்த்த வீட்டு மாடியில இருந்து கேக்குற மாதிரி! இன்னொண்ணு, அளவு. ஹெட்போன்ல தன் குரல் சத்தமாக் கேட்டா பாடுறவர் தானாவே அடக்கிப் பாடுவார், கம்மியாக் கேட்டா கத்துவார். இதையெல்லாம் கவனிக்காம எக்கோ மேல பழி போடுறது, ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னு சொன்ன கதைதான்.

வழி ரொம்ப சுலபம். ஆடியோ இன்டர்ஃபேஸ்ல 'டைரக்ட் மானிட்டர்'னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டா அசல் குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே நேரா காதுக்கு வந்துடும், தாமதமே தெரியாது. மென்பொருள்ல ரிவெர்பை மட்டும், அதுவும் 100 சதவீதம் ஈரமா, அசல் குரல் கலக்காம ஹெட்போனுக்கு அனுப்புங்க. அது பத்து இருபது மில்லி செகண்டு லேட்டா வந்தாலும் குத்தமில்லை. நெஜ மண்டபத்துலயும் எதிரொலி லேட்டாத்தானே வரும்? பதிவாகுற டிராக்குல ரிவெர்ப் ஏறாது, அது சுத்தமா இருக்கும். பிறகு மிக்ஸ் பண்ணும்போது உங்க இஷ்டம்.

எங்க வீட்டுப் பின்னறையில, சுவத்துல ரெண்டு மெத்தையைச் சாத்தி வச்சு, பெரியவருக்கு இதைத்தான் பண்ணினேன். முதல் வரி பாடினதும் கண்ணை மூடிட்டார். "இப்ப கோயிலுக்குள்ள நிக்கேன்"னார். ஒரே மூச்சுல ஏழு பாட்டு.

பாரதி 1918 கடைசியில சிறையில இருந்து விடுதலையாகி எங்க ஊருக்குத்தான் வந்தார், 1920 வரைக்கும் இங்க இருந்தார். இந்தியாவுல கிராமஃபோன் பதிவு 1902லயே தொடங்கியாச்சு. ஆனா அவர் குரல் நம்மகிட்ட ஒரு நொடி கூட இல்லை. இனிமே நம்ம ஊர்க் குரல்கள் காணாமப் போறதுக்கு யாரோ ஒருத்தரோட வறட்டுக் கௌரவம் காரணமா இருக்கக் கூடாது. ராமநதித் தண்ணி குடிச்சு வளர்ந்தவர்கிட்ட வந்து காய்ஞ்சுபோய்ப் பாடுங்காதீங்கய்யா.

டிஸ்கி: மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல தாராளமாக் கும்மலாம். ஆனா ஒரு கண்டிஷன். வீட்டுல நீங்க எங்க நின்னு பாடுவீங்கன்னு மொதல்ல உண்மையைச் சொல்லிட்டு ஆரம்பிங்க :-)