நெருப்பினும் கொடிது காலதாமதம்

2003 ஜூலை 8 அன்று, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், தலித் இளைஞர் முருகேசனையும் அவர் மணந்த வன்னியப் பெண் கண்ணகியையும் நஞ்சு புகட்டிக் கொன்ற சாதிவெறியர்கள், உடல்களை உடனே எரித்தனர். முதல் தகவல் அறிக்கை பதிவாக ஒன்பது நாள்கள் ஆயின. அதிலும் தலித்துகளும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். 2021இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 13 பேரைத் தண்டித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

எரித்துவிட்டால் தடயமே இராது என்பது கொலையாளிகளின் நம்பிக்கை. தடய அறிவியல் அதைப் பாதியே ஏற்கிறது. தீயில் எலும்பின் புரதம் எரியும்; கால்சியம் பாஸ்பேட் கனிமம் எஞ்சும். சுமார் 300 பாகை செல்சியசில் எலும்பு கருகும். 600ஐ ஒட்டிச் சாம்பல் நிறமாகும். 800ஐ நெருங்கினால் வெளுத்துச் சுருங்கும். தசையோடு எரிந்த எலும்பு வளைந்து, பிறை வடிவில் வெடிக்கும். உலர்ந்த எலும்பு பெரும்பாலும் நீளவாக்கில் பிளக்கும். அரிவாள் வெட்டின் தடம் வெளுத்த எலும்பிலும் எஞ்சக்கூடும். ஆனால், அந்நிலையில் மரபணு ஏறக்குறைய அழிந்துவிடும். கடைவாய்ப் பற்களும் முழுதும் வேகாத தடித்த எலும்புகளுமே ஆய்வுக்கு உதவும். பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சுகளோ பெரும்பாலும் தீயிலேயே சிதைந்துபோகும். நஞ்சிட்டு எரித்த கொலையில், எலும்பு ஆளை அடையாளம் காட்டலாம். கொன்ற விதத்தைச் சாட்சிகளே சொல்ல வேண்டும்.

அந்த எலும்பும் நெடுநாள் காத்திருக்காது. செங்கல்பட்டு வட்டாரத்தில் சிதையைப் பாலும் நீரும் தெளித்துக் காடாற்றி, எலும்பு பொறுக்கி, பாலாற்றிலோ மாமல்லபுரம் போன்ற கடற்கரைகளிலோ கரைப்பது வழக்கம். சூடான எலும்பு நீர் பட்டால் மேலும் நொறுங்கும். கடலில் கரைத்தது மீளாது. ஆகவே, ஐயத்திற்குரிய மரணத்தில் விசாரணைக்குக் கிடைப்பது ஓரிரு நாள்களே. புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையம் அந்த நாள்களைக் கொலையாளிக்குக் கொடையளிக்கிறது.

அரசே எரித்த கொடுமையும் உண்டு. 2020 செப்டம்பர் 30 அன்று, ஹாத்ரஸ் தலித் பெண்ணின் உடலைக் குடும்பத்தார் ஒப்புதலின்றி நள்ளிரவு கடந்து காவல்துறை எரித்தது. மறு உடற்கூறாய்வுக்கான வாய்ப்பு அத்துடன் முடிந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(6) பிரிவு, தடயத்தை அழிப்போருக்கு மூலக் குற்றத்திற்குரிய தண்டனையையே விதிக்கிறது. 4ஆம் பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. இவ்விரு பிரிவுகளும் முதல் தகவல் அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். சாதிக் கொலை என்ற ஐயம் எழுந்த அன்றே சுடுகாடு காவலுக்குள் வரவேண்டும். சாம்பல் ஆறுமுன் தடய அறிவியல் வல்லுநர் அங்கு நிற்க வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, சட்டப்படியான விசாரணை.